பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸுக்கு என்கை ஆர்பிஎஃப்1: 17 இன்ச்சில் எந்த அளவு பொருந்தும்?

2002 முதல் 2007 வரை வந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் அலாய் மாற்ற நினைத்தால், கடைக்காரர் முதலில் எடுத்து வைக்கும் வீல் பெரும்பாலும் என்கை ஆர்பிஎஃப்1 ஆகத்தான் இருக்கும். மெக்லாரன் ஃபார்முலா 1 அணிக்கு வீல் செய்துகொடுத்த ஜப்பானிய நிறுவனம் என்கை. அந்தப் பெருமையை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் நல்ல வீல்தான். ஆனால் எந்த வீல் என்பதைவிட எந்த அகலம், எந்த ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் தளம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது), எந்த டயர் என்பதில்தான் இந்தக் காரில் பணம் வீணாகிறது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் கார் இது. டயர் அளவில் செய்யும் தவறு ஃபெண்டரில் உரசுவதோடு நிற்காது, கியர்பாக்ஸ் வரைக்கும் போகும்.

கம்பெனி அளவிலிருந்து தொடங்குவோம். ஆரம்ப வருட டபிள்யூஆர்எக்ஸில் வந்தது 16 இன்ச் வீல், 6.5 இன்ச் அகலம், ஆஃப்செட் +53, டயர் 205/55 ஆர்16 (205 மி.மீ. அகலம், அதில் 55 சதவீதம் சுவர் உயரம், 16 இன்ச் ரிம்). கடைசி இரண்டு வருட மாடல்களில் 17 இன்ச் வீல், 7 இன்ச் அகலம், டயர் 215/45 ஆர்17. பிசிடி (நட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5x100, ஹப் போர் (வீலின் நடுத்துளை) 56.1 மி.மீ., நட் எம்12x1.25. டபிள்யூஆர்எக்ஸின் உயர்ரக வடிவமான எஸ்டிஐ வைத்திருப்பவர்கள் மட்டும் வருடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2004 எஸ்டிஐ 5x100, 2005 முதல் 5x114.3. 'எஸ்டிஐ வீல்' என்று மட்டும் எழுதி விற்கும் பழைய செட்டை வருடம் கேட்காமல் வாங்கினால் நட் துளையே பொருந்தாது.

ஆர்பிஎஃப்1-ல் இந்தக் காருக்குப் பரிசீலிக்க வேண்டியவை இரண்டு: 17x7.5 +48, 17x8 +45. கடைக்காரர் பொதுவாக இரண்டாவதைத்தான் தள்ளுவார், பார்க்க ஜோராக இருக்கும் என்பதால். பழைய 16 இன்ச் வீலோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவோம். 7.5 இன்ச் வீல் ஒரு இன்ச் கூடுதல் அகலம், அதாவது பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் 5 மி.மீ. குறைந்ததால் வீல் அந்த அளவுக்கு வெளியே நகரும். மொத்தத்தில் வெளிப்புறம் 17.7 மி.மீ. தள்ளும், உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கம் 7.7 மி.மீ. நெருங்கும். 8 இன்ச் வீல் வெளியே 27 மி.மீ., உள்ளே 11 மி.மீ. இந்த 27 மி.மீ.தான் செடானுக்கும் வேகனுக்கும் நடுவே கோடு போடுகிறது. செடானின் ஃபெண்டர் புடைத்தது. கம்பெனி உயரத்தில் 225 டயரோடு 8 இன்ச் வீல் அடங்கிவிடும். வேகனின் பின் ஃபெண்டர் ஒடுங்கியது. அதில் 17x8 +45 போட்டு, பின்சீட்டில் ஆள் ஏற்றி ஒரு வேகத்தடையைத் தாண்டினால் டயரின் தோள் ஃபெண்டர் விளிம்பில் சீவும். வேகனுக்கு 7.5 இன்ச் +48-ஐத் தாண்டவே வேண்டாம்.

செடானிலும் தினசரி ஓட்டுபவருக்கு 7.5-தான் புத்திசாலித்தனம். காரணம் உரசல் மட்டுமல்ல. 225/45 ஆர்17 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7 முதல் 8.5 இன்ச், அளவெடுக்கும் அடிப்படை ரிம் 7.5. அந்த அகலத்தில் டயரின் பக்கச்சுவர் ரிம் விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கும், நடைபாதைக் கல்லில் உரசினால் அடி ரப்பர் வாங்கிக்கொள்ளும். 8 இன்ச்சில் சுவர் நேராக இழுபட்டு ரிம் விளிம்பு முன்னுக்கு வந்துவிடும். ஆர்பிஎஃப்1-ன் பெயிண்ட் அவ்வளவு தடிமனானது அல்ல. ஒரு பார்க்கிங் தவறினாலே விளிம்பில் அலுமினியம் தெரியும். இந்த வீலில் பெரிய குறை இதுதான். எடையில் குறை சொல்லவே முடியாது: 17x8 ஏழு கிலோவுக்குச் சற்று மேல்தான். ரிம் பகுதியை உருளை அழுத்தி நீட்டிச் செய்வதால், சாதாரண வார்ப்பு வீலைவிட மெல்லியதாகவும் உறுதியாகவும் வருகிறது.

இனி டயர். 205/55 ஆர்16-ன் விட்டம் ஏறக்குறைய 632 மி.மீ. இதை மையமாக வைத்துத்தான் மற்றவற்றை அளக்க வேண்டும். 215/45 ஆர்17 என்றால் 625, ஒரு சதவீதம் குறைவு. 225/45 ஆர்17 என்றால் 634, அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய அப்படியே காட்டும், கியர் விகிதமும் மாறாது. 235/45 ஆர்17 போட்டால் 643. சதவீதமாகப் பார்த்தால் 1.8தான், ஆனால் வீல் வளைவுக்குள் டயரின் மேல்பக்கம் கிட்டத்தட்ட 6 மி.மீ. உயர்ந்து நிற்கும். பின் ஸ்ட்ரட்டின் கீழ் ஸ்பிரிங் தட்டு சும்மாவே நெருக்கமானது, அங்கேதான் முதலில் இடிக்கும். அடுத்தது பின் பம்பர் ஃபெண்டரோடு சேரும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் தட்டு. முன்னால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் உள் லைனர் கிழியும். ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியவர்கள் 235 போட்டுவிட்டு ஃபெண்டர் விளிம்பை மடிக்க ஆள் தேடுவது இதனால்தான். 225-ஐவிடப் பெரிய பிடிமானம் தெருவில் கிடைக்கப்போவதும் இல்லை.

18 இன்ச் வேண்டாம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். 225/40 ஆர்18-ன் விட்டம் 637, அதில் தப்பில்லை. ஆனால் 16 இன்ச்சில் 113 மி.மீ. இருந்த டயர் சுவர் 90 ஆகிவிடும், வீலும் டயரும் கனம் கூடும். இருபது வருடக் காரின் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் எல்லாம் அந்த அடியை வாங்க வேண்டியிருக்கும். குழியில் ரிம் வளைந்தால் அது தனிச் செலவு. 17-ல் நின்றுகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் சுற்றளவு. நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் இன்ச்சுக்குள், அதாவது 6.4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது சுபாருவின் அறிவுரை. சுற்றளவில் 6.4 மி.மீ. என்றால் ஆரத்தில் ஒரே ஒரு மி.மீ. ஆக, நான்கு டயர்களின் டிரெட் (தரையைத் தொடும் வரிப்பள்ளம்) ஆழத்திலும் ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. புது டயரின் டிரெட் சுமார் 8 மி.மீ. பாதி தேய்ந்து 5 மி.மீ.க்கு வந்துவிட்ட மூன்று டயர்களோடு ஒரு புது டயரைச் சேர்த்தால் சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மி.மீ. இடறும்.

அதனால் என்ன ஆகும்? மேனுவல் கியர் டபிள்யூஆர்எக்ஸில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே விசையைப் பிரித்துக்கொடுக்கும் சென்டர் டிஃபரென்ஷியல், அதோடு விஸ்கஸ் கப்ளிங். கப்ளிங்குக்குள் தட்டுகளும் சிலிகான் எண்ணெயும் இருக்கின்றன. முன்னும் பின்னும் வேகம் மாறினால் தட்டுகள் எண்ணெயைக் கடையும், சூடேறும், எண்ணெய் கப்ளிங்கை இறுக்கும். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது சில நொடிகள் நடக்க வேண்டிய வேலை இது. டயர் அளவு மாறுபட்டால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓயாமல் கடையும். நாளடைவில் கப்ளிங் இறுகியபடியே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க, காய்ந்த தரையில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, கிளட்சை மெல்ல விட்டு, வட்டம் போட்டுப் பாருங்கள். கார் யாரோ பிரேக் பிடித்ததுபோல் இழுத்தாலோ டயர் குதித்தாலோ கப்ளிங் போய்விட்டது அல்லது டயர் அளவு பொருந்தவில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்களும் வாங்கும் முன் இதைச் செய்யலாம், காசு செலவில்லை.

ஆகவே முன்னால் ஒரு அளவு, பின்னால் அகலமாக இன்னொரு அளவு என்ற ஆசைக்கு இந்தக் காரில் இடமில்லை. டயரில் எழுதியிருக்கும் அளவு ஒன்றாக இருந்தாலும் கம்பெனி மாறினால் உண்மையான சுற்றளவு மாறும். 225/45 ஆர்17 என்ற அதே பெயரில் இரண்டு பிராண்டுகளை அளந்தால் கால் இன்ச் எல்லையைத் தாண்டிய வித்தியாசம் வருவது சாதாரணம். நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல் என்பது இங்கே ஆடம்பரம் அல்ல. ஒரு டயர் மட்டும் ஆணி குத்திப் பாழானால், மீதி மூன்றின் ஆழத்துக்குப் புது டயரைச் சீவித் தரும் வசதி அமெரிக்காவில் டயர் ராக் போன்ற டயர் விற்பனை நிறுவனங்களில் உண்டு. அந்த வசதி கைக்கெட்டாத ஊரில் நான்கையும் மாற்ற வேண்டியதுதான், கப்ளிங் செலவைவிட அது மலிவு. அளப்பது சுலபம்: காற்றைச் சமமாக நிரப்பி, ஜாக்கில் தூக்கி, மெல்லிய இரும்பு டேப்பை டிரெட்டின் நடுவில் சுற்றிப் படியுங்கள். தேய்மானம் சமமாக இருக்க 12,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது முன்பின் மாற்றுங்கள்.

டயர் தேர்வில் பருவத்தைப் பாருங்கள். பனி விழும் ஊரில் ஒரே செட்டை வருடம் முழுக்க ஓட்டுபவர்களுக்கு மிச்செலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 நல்ல தேர்வு.  கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ்ஸில் ஒரு சின்ன வசதி இருக்கிறது. டிரெட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள் செதுக்கியிருக்கும். தேயத் தேயப் பனிக்கான எழுத்து முதலில் மறையும், அதன்பின் அந்த டயரைப் பனியில் நம்பக் கூடாது. கடும் பனிக்குத் தனிக் குளிர்கால டயர்தான் வேண்டும். அதற்குப் பழைய 16 இன்ச் வீலை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீல் சந்தையில் 5x100 என்று கண்ணில் படுவதையெல்லாம் வாங்கிவிடாதீர்கள். டொயோட்டா வீலின் ஹப் போர் 54.1, சுபாரு ஹப்பின் 56.1-க்குள் ஏறாது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் நான்காம் தலைமுறை வீல் 57.1, ஹப்பில் ஏறிவிடும். ஆனால் அதன் போல்ட் உட்காரும் இடம் உருண்டை வடிவம், சுபாரு நட்டோ 60 பாகைக் கூம்பு. இரண்டும் சேர்ந்தால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும், டார்க் சரியாகக் காட்டும், ஓட ஓட நட் தளரும். மாறாக சுபாரு பிஆர்இசட், டொயோட்டா 86 வீல்கள் 17x7 +48, 5x100, 56.1. அந்த 86 மட்டும் பேரில்தான் டொயோட்டா, வீல் அளவு சுபாரு. நடுத்துளை இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங்கே தேவையில்லை, செலவு குறைக்க நினைப்பவர்களுக்கு ஆர்பிஎஃப்1-க்கு அடுத்த இடம் இதற்குத்தான். பழைய ஆர்பிஎஃப்1 என்று யாராவது மலிவாகக் காட்டினால் உட்புறத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானிய வீல் தர முத்திரைகள் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது முதலில் ஹப் ரிங். ஆர்பிஎஃப்1-ன் நடுத்துளை 73 மி.மீ., அதை 56.1-க்குக் குறைக்கும் ரிங் நான்கு வாங்க வேண்டும். பிளாஸ்டிக் போதும், பாரத்தைத் தாங்குவது ரிங் அல்ல. உப்புத் தூவும் ஊரில் அலுமினிய ரிங் துருவோடு ஒட்டிக்கொண்டு வீலைக் கழற்ற விடாது. ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் துரு போகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அந்தத் துருத் திட்டு ஒன்றுதான் 'பேலன்ஸ் செய்தும் 90-ல் ஸ்டீயரிங் ஆடுகிறது' என்ற பாதிப் புகார்களுக்குக் காரணம். நட் துளை ஒடுங்கியது, தடித்த சாக்கெட் பெயிண்ட்டைச் சுரண்டிவிடும். மெல்லிய சுவர் சாக்கெட் பயன்படுத்துங்கள். ஐந்து நட்டையும் கையால் சுற்றி உட்கார வைத்து, நட்சத்திர வரிசையில் 90 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியைக் கடைக்காரர் கையிலேயே நிறுத்திவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும், புதுப் பெயிண்ட் அமுங்கி நட் சற்றுத் தளரும்.

நான்கு டயரையும் ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு வீலில் டயர் ஏற்றி ஒத்திகை பாருங்கள். டயர் ஏறிய வீலைத் திருப்பி எடுக்க எந்தக் கடையும் சம்மதிக்காது என்பதால், ஒன்றோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது. முன்னால் மாட்டி, காரைத் தரையில் இறக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். பிறகு பின்னால் மாட்டி, பின்சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏற்றி ஃபெண்டர் இடைவெளியைப் பாருங்கள். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே 5 மி.மீ.யாவது தெரிய வேண்டும்.

ஸ்டெப்னியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிக்கியில் கிடக்கும் ஒல்லி டயர் மற்ற மூன்றைவிடச் சின்னது. டர்போ இல்லாத ஆட்டோமேட்டிக் இம்ப்ரெஸாவில், எஞ்சின் அறையிலுள்ள முன்சக்கர ஃப்யூஸ் இடத்தில் ஒரு ஃப்யூஸைச் செருகினால் பின்னச்சுக்கு விசை போவது நின்றுவிடும், பிறகு தயங்காமல் வீடு சேரலாம். மேனுவல் டபிள்யூஆர்எக்ஸில் அந்த ஏற்பாடு இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அருகிலுள்ள பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்டுங்கள். ஊர் விட்டு ஊர் நீண்ட பயணம் போகும் பழக்கமுள்ளவர்கள், நான்கு டயர் வாங்கும்போதே ஐந்தாவதாக அதே டயரையும் வாங்கி ஒரு மலிவான 17 இன்ச் வீலில் ஏற்றி, சுழற்சியில் சேர்த்து ஓட்டலாம்.