குடியிருக்கும் வீடு யார் பெயரில்? எல்.எல்.சி.யா, டிரஸ்டா, சொந்தப் பெயரா?

அமெரிக்காவில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கி எல்.எல்.சி. (உரிமையாளரின் சொந்தச் சொத்தைப் பொதுவாகக் கடன், வழக்கிலிருந்து பிரித்து வைக்கும் தனி நிறுவனம்) பெயரில் பதிந்தவர்களுக்கு அடுத்து ஓர் ஆசை வரும்: குடியிருக்கும் வீட்டையும் அப்படியே மாற்றிவிட்டால் என்ன? யார் வழக்குப் போட்டாலும் வீடு தப்பிக்கும் என்று ஒரு கணக்கு. டெக்சாஸில் நம்மவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. வாடகை வீட்டுக்கு அது சரி. குடியிருக்கும் வீட்டுக்குச் செய்வது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதுதான்.

டெக்சாஸையே எடுத்துக்கொள்வோம். சொந்தப் பெயரில் வீட்டை வைத்து அதிலேயே குடியிருந்தால் ஹோம்ஸ்டெட் சலுகை, அதாவது குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான சலுகை உண்டு. பள்ளி வரி போடும்போது வீட்டு மதிப்பில் கழித்துக்கொள்ளும் தொகை 2023-லேயே ஒரு லட்சம் டாலராக உயர்ந்தது. வரி மதிப்பும் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு எல்.எல்.சி. பெயருக்குப் போனால் இரண்டும் போச்சு. அதைவிடப் பெரியது இன்னொன்று: நகரத்தில் 10 ஏக்கர் வரையிலான குடியிருப்பு வீட்டைப் பெரும்பாலான கடன்காரர்கள் தொட முடியாது என்று மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. வீட்டுக்கடனும் சொத்து வரியும் முக்கிய விதிவிலக்குகள். ஆக, வழக்குக்குப் பயந்து எல்.எல்.சி.க்கு ஓடுகிறவர், சும்மா கிடைத்த கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறார். ஃபுளோரிடாவிலும் இதே கதைதான். அங்கே நகருக்குள் அரை ஏக்கர்.

அப்புறம் கடன். வீடு கைமாறினால் பாக்கி முழுவதையும் உடனே கட்டச் சொல்லும் உரிமை பெரும்பாலான கடன் பத்திரங்களில் வங்கிக்கு உண்டு. நீங்களே பயனாளியாக இருந்து அங்கேயே குடியிருக்கும் லிவிங் டிரஸ்டுக்கு (உயிரோடிருக்கும்போதே சொத்தை வைக்க நீங்கள் அமைக்கும் டிரஸ்ட்) மாற்றினால், 1982-ம் ஆண்டின் கார்ன் - செயின்ட் ஜெர்மைன் சட்டப்படி வங்கி அப்படிக் கேட்க முடியாது. எல்.எல்.சி.க்கு அந்த விலக்கு இல்லை. தவணை ஒழுங்காக வந்தால் வங்கி கண்டுகொள்ளாது என்பார்கள். 3 சதவீத வட்டிக் கடனை அந்த நம்பிக்கையில் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

விற்கும்போது தனிநபருக்கு 2,50,000, தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை. கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் சொந்தமாக வைத்துக் குடியிருந்திருக்க வேண்டும். ஒரே உறுப்பினர் உள்ள எல்.எல்.சி. என்றால் இந்தச் சலுகை பொதுவாகத் தப்பிக்கும். தம்பியையும் பங்காளியாகச் சேர்த்துக் கூட்டாண்மையாக வரி கட்டினால் சிக்கல்.

சரி, வழக்கிலாவது காப்பாற்றுமா? பிறந்தநாள் விழாவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டது என்று வைப்போம். படி ஆடுவது தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டது நீங்கள்; வழக்கு உங்கள் மேலும் வரும். உரிமையாளர் எல்.எல்.சி., பாலிசியில் உங்கள் பெயர் மட்டும் என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடம் உண்டு. வாடகையே தராமல் குடியிருந்தால், அந்த எல்.எல்.சி. வெறும் காகிதம்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவதும் எளிது. இந்தப் பயத்துக்கு மருந்து, வீட்டு பாலிசியின் வரம்புக்கு மேல் வரும் நஷ்டஈட்டை ஏற்கும் அம்ப்ரெல்லா பாலிசி. ஒரு மில்லியன் டாலர் வரை காப்பீடு, பலருக்கு வருடத்துக்குச் சில நூறு டாலரில் கிடைத்துவிடும்.

டிரஸ்ட் வேறு வேலைக்கு. நினைத்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய லிவிங் டிரஸ்ட் கடன்காரர்களிடமிருந்து காக்காது. இறந்தபின் சொத்தை நீதிமன்றம் வழியாக வாரிசுகளுக்கு மாற்றும் புரோபேட் அலைச்சலை மிச்சமாக்கும். கலிஃபோர்னியாவில் 10 லட்சம் டாலர் சொத்தின் புரோபேட்டுக்குச் சட்டப்படி வக்கீல் கட்டணம் மட்டும் 23,000 டாலர் வரை போகும். நிர்வாகிக்கும் அதே தொகை. டெக்சாஸில் ஹோம்ஸ்டெட் கைநழுவாமலிருக்க டிரஸ்ட் பத்திரத்தில் அதற்குரிய வாசகங்கள் இருக்க வேண்டும். வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள்.

எல்.எல்.சி. உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் ஒன்றுதான்: கவுன்ட்டி பதிவேட்டில் உங்கள் பெயர் தெரியக்கூடாது என்றால். பின்தொடர்ந்து தொல்லை தரும் ஆள் இருந்தால் அது சின்ன விஷயமில்லை.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் முதலில் காப்பீட்டு ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். பத்திரத்தைச் சொந்தப் பெயருக்குத் திருப்பியதும் ஹோம்ஸ்டெட்டுக்குப் புதிதாக மனுப் போட வேண்டும். அது தானாகத் திரும்பி வராது.