நட்சத்திரத் துளைகளின் கீழே சிறு தட்டுகள்: செவில் நகரத்து உணவகம் ஒன்று

தெற்கு ஸ்பெயினின் செவில் நகரத்துப் பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில், மத்தேயோஸ் காகோ தெருவில் இருக்கும் ‘செர்வெசேரியா ஹிரால்டா’வுக்குள் நுழைந்ததும், எங்கள் நால்வரில் முதலில் தலையை உயர்த்தியவர் அண்ணிதான். மற்ற மூவரும் காலி மேசை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோம். “தம்பி, உட்காருவது இருக்கட்டும், முதலில் மேலே பாருங்கள்” என்றார். பார்த்தோம். செங்கல்லால் கட்டிய வளைவுக் கூரையில், எட்டு முனை நட்சத்திரம் முதலான பல வடிவங்களில் துளைகள் இருந்தன. நடுக்கூடத்தின் குவிமாடத்தை நான்கு தூண்கள் தாங்கி நின்றன. வளைவுகளின் மேல், வெள்ளைச் சுண்ணப் பூச்சில் செங்காவியால் வரைந்த பின்னல் கோலங்கள் ஆங்காங்கே மங்கியும் ஆங்காங்கே நேற்றுத் தீட்டியது போலவும் தெரிந்தன. பெயர்ப் பலகையோ இது பீர் விற்கும் கடை என்று சொன்னது.

இந்தக் கூடம் 12ஆம் நூற்றாண்டில், இந்த ஊரை ஆண்ட அல்மோஹாத் என்ற இஸ்லாமிய அரச மரபினர் காலத்தில் கட்டப்பட்ட பொதுக் குளியல் மாளிகை, அதாவது ஹம்மாம். 2020ஆம் ஆண்டு உணவகத்தைப் புதுப்பிக்கும் பணி நடந்தபோது, கூரைப் பூச்சைச் சற்றே சுரண்டிப் பார்த்த இடத்தில் நட்சத்திர வடிவத் துளை ஒன்று வெளிப்பட்டது. அதைக் கண்டதும் தொல்லியலாளர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செவில் அடங்கிய ஆண்டலூசியாப் பகுதியில் இன்னும் நிற்கும் பழைய ஹம்மாம்களின் கூரைகளில் இதே துளைகளைப் பார்க்கலாம். உள்ளே வெளிச்சம் வருவதற்கும் நீராவி வெளியேறுவதற்கும் அவை வைக்கப்பட்டவை. இங்கே மட்டும் 88 துளைகள் எண்ணப்பட்டுள்ளன. மற்ற ஹம்மாம்களில் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பகுதியில்தான் ஓவியம் எஞ்சியிருக்கும் என்றும், இங்கே சுவர் முதல் கூரை வரை அது தொடர்வதுதான் அரிது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் மூடியவர் யார் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. 1920களின் தொடக்கத்தில் விசென்ட்டே த்ராவெர் என்ற கட்டடக் கலைஞர் இந்தக் கட்டடத்தை விடுதியாக மாற்றி அமைத்தார். செவில் நகரில் 1929இல் நடந்த இபேரோ அமெரிக்கக் கண்காட்சியின் தலைமைக் கட்டடக் கலைஞர் பொறுப்பைப் பின்னாளில் ஏற்றவரும் இவரே. பழைய கட்டுமானத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் இடிக்கவில்லை, வளைவுகளை அப்படியே விட்டு, அன்றைய மோஸ்தருக்கு ஏற்ப மேலே பூசி மறைத்தார். 1923இல் கீழ்த்தளத்தில் மதுக்கடை திறந்தது. அதற்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், இந்த ஊர்க்காரர்கள் அசல் ஹம்மாமுக்குள் நின்றுகொண்டே, பழைய பாணியில் கட்டிய அழகான கடை என்று எண்ணிக் குடித்தும் உண்டும் போயிருக்கிறார்கள். பூச்சு மறைத்தது உண்மைதான் என்றாலும், காத்ததும் அதே பூச்சுதான்.

வரலாற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு உணவு இரண்டாம் பட்சம் என்று பல உணவகங்கள் நினைப்பதுண்டு. அந்தச் சந்தேகத்தோடுதான் நானும் உட்கார்ந்தேன். செவில் நகரில் உண்பதற்கு மூன்று அளவுகள் உண்டு: தாப்பா என்பது சிறு தட்டு, ‘மேதியா ராசியோன்’ அரைப் பங்கு, ‘ராசியோன்’ முழுப் பங்கு. நால்வர் போனால் முழுப் பங்குகளாக இரண்டு மூன்று வாங்குவதே சிக்கனம் என்று மைத்துனர் கணக்குப் போட்டார். நான் சம்மதிக்கவில்லை. சிறு தட்டின் சுகமே அது தீர்ந்துபோவதில்தான் இருக்கிறது. நான்கு முள்கரண்டிகள் இரண்டு முறை வந்து போனதும் தட்டு காலியாகிவிடும், அடுத்தது வரும் வரை பேசவும் சுற்றிப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். அன்று அந்த இடைவெளிகளில்தான் கூரையை நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம். இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே, தூணுக்கு மேலே சிவப்புப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும் பின்னலை என் மனைவி விரலால் மேசையில் போட்டுப் பார்த்தாள். சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு அதன் கணக்கு உடனே பிடிபட்டுவிடும் போலிருக்கிறது.

முதலில் வந்தது சல்மோரேஹோ. பழுத்த தக்காளி, முந்தைய நாள் ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை மழமழவென்று அரைத்துக் குளிரவைத்துக் கொடுக்கும் இது, அண்டை ஊரான கோர்தோபாவின் பண்டம். கரண்டியில் எடுத்தால் தோசை மாவைப் போல மெதுவாக வழியும். மேலே அவித்த முட்டைத் துருவலும் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சித் துணுக்குகளும் தூவுவது வழக்கம் என்பதால், இறைச்சி வேண்டாதவர்கள் ‘சின் ஹமோன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் சொன்னோம், முட்டை மட்டும் தூவி வந்தது. தக்காளி இந்த நிலத்துக்கு வந்து ஐந்நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. அமெரிக்கக் கண்டத்தோடு ஸ்பெயின் நடத்திய வணிகம் முழுவதையும் கட்டுப்படுத்திய அலுவலகம் 1503இல் இந்த ஊரில்தான் தொடங்கி, 1717 வரை இங்கேயே இருந்தது. ஆக, இந்தக் குளியல் மாளிகையைக் கட்டியவர்கள் சல்மோரேஹோவை இன்று நாம் காணும் சிவப்பு நிறத்தில் கண்டிருக்கவே முடியாது. நம் ரசத்துக்கும் இதே கதைதான் என்பதால் பெருமை பேச இடமில்லை.

அவர்கள் கண்டிருக்கக்கூடியது ஸ்பினாச் என்னும் கீரை. செவில் நகரத்துச் சிறு தட்டுகளில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானது கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’. எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டையும் பூண்டையும் சீரகத்தோடு உரலில் இடித்து, காடி (வினிகர்) சேர்த்து, அந்த விழுதைக் கீரையிலும் கடலையிலும் கலந்து சுண்டவைக்கிறார்கள். சீரகம் தூக்கலாக இருக்கும். வாயில் வைத்ததும் மைத்துனர், “இது நம் வீட்டுக் கூட்டுதானே” என்றார். தேங்காய் இல்லாத, புளிக்குப் பதில் காடி விட்ட கூட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்தக் கீரையை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அரபு மொழி பேசியவர்கள்; ஸ்பானிய மொழியில் அதன் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இந்த ஹம்மாம் எழுந்த அதே 12ஆம் நூற்றாண்டில், இதே செவில் நகரில் வாழ்ந்த இப்னு அல் அவ்வாம் என்பவர் பயிர்த்தொழில் பற்றிப் பெருநூல் ஒன்றைத் தொகுத்தார். அவருடைய ஊரில் அவருடைய காலத்துக் கூரையின் கீழ் உட்கார்ந்து கீரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் வந்த பிறகு, அந்தத் தட்டு தீர்ந்துபோனது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. இன்னொன்று கேட்டோம்.

ஆலிவ் காய்க்கு ‘அசைத்துனா’, ஆலிவ் எண்ணெய்க்கு ‘அசைத்தே’ என்று இங்கே வழங்குவதும் அரபுச் சொற்களே. ஆனால் தமிழர்கள் இந்த ஊரில் கவனிக்க வேண்டிய சொல் ‘நரான்ஹா’. ஆரஞ்சைக் குறிக்கும் இந்தச் சொல் அரபு வழியாகவும் பாரசீகம் வழியாகவும் சமஸ்கிருத நாரங்கத்திலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய வேர் திராவிட மொழிகளில் இருக்கிறது, அது நம் நாரத்தையோடு உறவுடையது என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். தெரு ஓரமெல்லாம் வரிசையாக நிற்கும் செவில் ஆரஞ்சு மரத்தின் பழத்தைத் தின்று பார்த்தவர்களுக்கு இந்த உறவில் ஐயமே எழாது. கசப்பும் புளிப்புமாக, ஊறுகாய் போடத்தான் லாயக்கு என்று தோன்றவைக்கும். ஆங்கிலேயர்கள் அதில்தான் மார்மலேட் செய்கிறார்கள். பேராலயத்தின் முற்றத்தில் இந்த மரங்கள் நிற்கும் இடம், முன்பு அங்கிருந்த பெரிய மசூதியின் முற்றம். 1172இல் தொடங்கிய அந்த மசூதியில் இன்று முற்றமும் ஹிரால்டா கோபுரமும்தான் பெரிய அளவில் மிச்சம். 1248இல் நகரம் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் பெர்னாந்தோவின் கைக்குப் போனதும் மசூதி பேராலயமாக மாறியது. பாங்கு சொல்ல எழுந்த கோபுரத்தின் தலையில் 16ஆம் நூற்றாண்டில் மணிக்கூண்டு ஏறியது. கோபுரத்துக்குள் படிக்கட்டுக்குப் பதிலாக 35 சரிவுகள் இருக்கின்றன. உணவுக்கு முன் ஏறிவிடுங்கள்; பின்னால் ஏறினால் நான் பட்ட பாட்டைப் படுவீர்கள்.

எல்லா இடத்திலும் அனுபவம் இப்படி அமையவில்லை. மறுநாள் மதியம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், நாங்கள் கேட்காமலே ரொட்டிக் கூடையையும் ‘பிகோஸ்’ என்ற மொறுமொறுப்பான சிறு ரொட்டிக் குச்சிகளையும் ஒரு கிண்ணம் ஆலிவையும் கொண்டுவந்து வைத்தார்கள். வரவேற்புக்காக வைத்தது என்று மகிழ்ந்து நான்தான் முதலில் கை வைத்தேன். பில்லில் நால்வருக்கும் தனித்தனியாக ரொட்டிக் காசு, ஆலிவுக்குத் தனிக்காசு. இதே ஆண்டலூசியாவின் கிரனாதா நகரில் பானம் வாங்கினால் சிறு தட்டு ஒன்று இலவசமாக வரும் வழக்கத்தைக் கேள்விப்பட்டு வந்த எங்களுக்கு, செவில் நகரில் அந்த வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொகை பெரிதில்லை. ஆனாலும் கேட்காத பண்டத்தைத் தொடுவதற்கு முன் விலை கேட்டுவிடுங்கள்.

அதே மாலையில் அந்தக் கசப்பைப் போக்கியது எல் ரின்கொன்சியோ. 1670இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் இந்தக் கடை, நகரிலேயே பழைமையானது என்று பெயர் பெற்றது. இங்கே மேசையில் உட்காருவதைவிட நீண்ட மரப் பலகையின் ஓரத்தில் நின்று உண்பதே அழகு. சொல்லச் சொல்லப் பணியாளர் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் அந்தப் பலகையின் மேலேயே நம் கணக்கை எழுதிக்கொண்டு போகிறார். எங்களுடைய எண்கள் அடுத்து நின்ற வயதான தம்பதியின் எண்களோடு ஒட்டி வந்தபோது, நடுவே சட்டென்று ஒரு கோடு இழுத்தார், அவ்வளவுதான். தட்டுகள் நம் முன்னாலேயே கணக்காகிக்கொண்டிருந்தால் பில்லைக் கண்டு திடுக்கிட வேண்டியதில்லை என்பது முந்தைய கடையில் பட்டவனுக்குத்தான் தெரியும். இங்கும் கீரையும் கடலையும் வாங்கினோம். நேர்மையாகச் சொன்னால், சுவையில் இந்தக் கடைத் தட்டுக்கே என் வாக்கு. சீரகத்தின் காரம் சற்றுக் கூடுதல், ரொட்டி விழுது சற்றுக் கெட்டி.

நேரம் இருப்பவர்கள் என்கர்னாசியோன் சதுக்கத்தில் ‘காளான்கள்’ என்று ஊரார் அழைக்கும் ராட்சத மரக் குடையின் அடியில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1973இல் இடித்த பழைய சந்தையின் இடத்தில் வாகன நிறுத்தம் கட்டத் தோண்டியபோது ரோமானியர் காலத்து வீடுகள் வெளிப்பட்டன. திட்டம் மாறி, 2011இல் மேலே குடையும் கீழே அருங்காட்சியகமுமாகத் திறந்தார்கள். தரையோவியங்களை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் நின்றது மீனை உப்பிட்டு ஊறவைத்த தொட்டிகளின் முன்னால். மேலே ஏறினால் சந்தையில் இன்றும் மீன் விற்கிறார்கள்.

இனி செர்வெசேரியா ஹிரால்டா உணவகத்துக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இந்த ஊரில் இரவு உணவு எட்டு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கிறது. அதற்கு முன்பே போய் நின்றால் நல்ல மேசை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரவில் போவதா பகலில் போவதா என்றால், துளைகளைப் பார்க்கப் பகல், செங்காவி ஓவியத்தைப் பார்க்க விளக்கு வெளிச்சம் என்பேன்; எங்களால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டு முறை போனோம். வெளியே தெருவோர மேசைகளில் உட்கார்ந்தால் கோபுரம் தெரியும். அது ஊரில் வேறு பல இடங்களிலிருந்தும் தெரியும், ஆகவே உள்ளேயே இடம் கேளுங்கள். இருவராகப் போனால் நான்கைந்து தட்டுகளோடு வயிறு நிறைந்துவிடும். நால்வர் என்றால் எட்டு ஒன்பது வரை போகலாம். செவில் நகரில் சிறு தட்டு ஒன்று பெரும்பாலும் 3 முதல் 6 யூரோவுக்குள் முடியும் என்பதால், பிடிக்காத ஒன்று வந்தாலும் பெரிய நட்டமில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாமல் இரண்டிரண்டாகச் சொல்லுங்கள். இரண்டாம் முறை போனபோது மைத்துனர் பசியின் வேகத்தில் ஆறு தட்டுகளை ஒன்றாகச் சொல்லிவிட, அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து சின்ன மேசையை அடைத்துக்கொண்டன. ஆறுவதற்குள் சாப்பிட வேண்டுமே என்று குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தோம். வாசலுக்கு வந்த பிறகு, “கூரையைப் பார்க்கவே இல்லையே” என்று அண்ணி மட்டும் திரும்பி உள்ளே போனார்.