மாத வாடகை மென்பொருளா, கையிலிருக்கும் ஷீட்டா? பாசிக் குழுவின் கணக்குக்கு எது சரி

மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். நோட்டுப் புத்தகத்தை விட்டு ஏஐ, தானியங்கி என்று மாறலாம் என்று பேச்சு வந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் தயார் மென்பொருள். உறுப்பினர் கணக்கு, கொள்முதல், பட்டுவாடா, கேள்விக்குப் பதில் சொல்லும் பாட் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். இன்னொன்று, கூகுள் ஷீட் (கணக்கை அட்டவணையாக வைக்கும் செயலி), வாட்ஸ்அப் பிசினஸ், இலவச ஏஐ உதவியாளர் ஒன்று, இந்த மூன்றையும் சேர்த்து நாமே அமைத்துக்கொள்வது. நாங்கள் எடுத்தது இரண்டாவது. சிறிய குழு எது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

தோற்றத்தில் தயார் மென்பொருள்தான் முன்னால் நிற்கிறது. அறிக்கைகள் அழகாக வரும், ரசீது தானாகப் போகும். விலையில் ஷீட் முன்னால். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளித்து, தெப்பங்களைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டால் வரவே இருக்காது. மாதக் கட்டணம் மட்டும் அந்த மாதங்களிலும் கட்டியாக வேண்டும்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது விலை இல்லை, பராமரிப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாசிக் கணக்கு வெளியிலிருந்து பார்க்க எளிது. 12க்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் விதைப்பாசியைக் கட்டி, சுமார் 45 நாளில் அறுத்து, காயவைத்து எடை போட்டு விற்பது. ஈரப்பாசி 10 கிலோ காய்ந்தால் ஏறத்தாழ 1 கிலோதான் நிற்கும். அதனால் ஈரமாகக் கொடுப்பவருக்கு ஒரு விலை, காயவைத்துக் கொடுப்பவருக்கு வேறு விலை. கயிறு, மூங்கிலுக்கு வாங்கிய முன்பணம் ஒவ்வொரு அறுவடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். மீன்வளத்துக்கான பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மானியம் வாங்கிய தெப்பம் வேறு, சொந்தத் தெப்பம் வேறு. அதிகாரிகள் வந்து கேட்டால் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

எங்களுக்குக் காட்டிய மென்பொருள் பால் சங்கங்களை மனதில் வைத்துச் செய்தது. முன்பணம் கழிக்க அதில் இடமே இல்லை. சேர்த்துத் தரச் சொன்னதற்கு, தனிக் கட்டணம் ஆகும், அடுத்த பதிப்பில்தான் வரும் என்றார்கள். ஷீட்டில் அது ஒரு நெடுவரிசை (column) கூடுவது, அவ்வளவுதான். கடலும் வியாபாரியும் மாறும்போதெல்லாம் கணக்கு முறையும் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெளியூர்க்காரர் ஒருவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க ஒரு சிறு குழுவால் முடியாது.

அடுத்தது ஆள். சிறு அமைப்பில் கணினி தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவருக்குக் கல்யாணம் ஆகிப் பரமக்குடிக்கோ திருப்பூருக்கோ போய்விட்டால் அடுத்தவர் அங்கிருந்து தொடர வேண்டும். ஷீட் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். யாராவது கை தவறி அழித்தாலும் பதிப்பு வரலாற்றுக்கு (version history) போய்ப் பழைய நிலையை மீட்டுவிடலாம். முன்கூட்டியே ஆஃப்லைனில் வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத கரையிலும் எடையைப் பதியலாம். அப்புறம், சந்தாவை நிறுத்தினால் நம் பழைய கணக்கு என்ன ஆகும்? எல்லாவற்றையும் எக்செல் கோப்பாகத் தருவதாக எழுத்தில் உறுதி தராத நிறுவனத்திடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் போகாதீர்கள்.

சரி, ஏஐ எங்கே வருகிறது? முக்கியமாக எழுத்து வேலையில். மீன்வளத் துறைக்கும் வங்கிக்கும் போகும் மனுக்கள், வெளிமாநில வியாபாரிக்கு ஆங்கிலத்தில் பதில், கூட்டத்தில் பேசியதைச் சுருக்கித் தீர்மானமாக எழுதுவது, இதெல்லாம் இப்போது கொஞ்ச நேர வேலை. போனில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடுவதால், எழுதத் தயங்கிய அக்காமாரும் தங்கள் கோரிக்கையைத் தாங்களே சொல்கிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய சந்தோஷம்.

கைநோட்டைப் படம் எடுத்து ஏஐயிடம் கொடுத்தால் அட்டவணையாக்கித் தரும். ஆனால் 1ஐ 7 ஆக்கிவிடும், ஒரே பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் வேறு எழுத்தில் எழுதும். நோட்டில் உள்ள மொத்தத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்காதீர்கள். கூட்டல் கழித்தலை ஷீட்டின் சூத்திரத்திடமே விடுங்கள். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எந்த ஏஐ செயலியிலும் இடவே வேண்டாம்.

பாட் விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. "தம்பி, என் கயிற்றுக் காசு இன்னும் எவ்வளவு நிக்குது?" என்று கேட்கும் அக்காவுக்கு இயந்திரம் பதில் சொல்வதை நான் விரும்பவில்லை. வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸின் தானியங்கிப் பதிலும் விரைவுப் பதில்களும் போதும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியலில் (broadcast list) போடும் செய்தி நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும் என்பதால், உறுப்பினர்களின் போனில் முதலில் அதைச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் எங்கள் அளவுள்ள குழுவுக்கு. நூற்றுக்கணக்கான உறுப்பினர், பல கொள்முதல் நிலையங்கள், தினசரி பட்டுவாடா என்று நடக்கும் கூட்டமைப்பில் எனக்கு அனுபவம் இல்லை. ஒரே ஷீட்டில் பல பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால் குழப்பம் வரும் என்றே நினைக்கிறேன். அங்கே தயார் மென்பொருளுக்கு நியாயம் இருக்கலாம். விலைக் கணிப்பையும், படத்தைப் பார்த்துப் பாசியின் தரம் பிரிப்பதையும் நாங்கள் முயன்று பார்க்கவில்லை, அதனால் அவற்றைப் பற்றி நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன். மென்பொருள்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், ஒரு முழு அறுவடைச் சுற்றுக்கு நோட்டையும் கூடவே எழுதிவாருங்கள். இரண்டின் மொத்தமும் ஒத்துப்போன பிறகு ஆண்டுச் சந்தா கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.