சேர்வர் விழுந்த மாலையிலும் ஆட்டம் நிற்காத கடை

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குச் சற்றுத் தள்ளி, பலாலி வீதியில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய கணினி விளையாட்டு மையத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடமாகப் போய்வருகிறேன். அங்கே எட்டுக் கணினிகளும் இரண்டு பிளேஸ்டேஷன்களும் உள்ளன. மணிக்கு 200 ரூபா. கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை ஒன்லைன் வலையமைப்பு செயலிழந்தபோது அந்தக் கடை நடந்துகொண்ட விதமே என்னை இதை எழுத வைத்தது.

அன்று தமக்கையின் மகனுடன் உதைபந்தாட்டம் விளையாடிக்கொண்டிருந்தேன். முதற்பாதி முடியுமுன்பே திரை உறைந்தது. மறுபடி உள்நுழைய முயன்றால் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. "அண்ணை, லைன் போட்டுதோ?" என்று கேட்டேன். கடைக்காரர் வேறு இரண்டு இணையத்தளங்களைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கட லைன்ல பிழையில்லைத் தம்பி, அங்கால சேர்வருக்கு அடிக்கிறாங்கள்" என்றார். விளையாட்டை நடத்தும் மையக் கணினியான சேர்வரை யாரோ தாக்குகிறார்கள் என்பதுதான் அதன் பொருள்; பின்னர் வெளிவந்த அந்த வலையமைப்பின் அறிவித்தலும் அதையே சொன்னது. நேரம் எழுதும் கொப்பியை எடுத்து, 4.20 என்று குறித்துச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பிந்திய நேரத்துக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை.

இந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். இதேபோன்ற தாக்குதலால் 2014 நத்தார் தினத்தன்று, சோனியின் பிளேஸ்டேஷன் நெற்வேர்க், மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் லைவ் என்ற இரு ஒன்லைன் விளையாட்டு வலையமைப்புகளும் ஒன்றாக முடங்கின. லிசார்ட் ஸ்குவாட் என்ற குழு அதற்கு உரிமை கோரியது. நத்தார் பரிசாகக் கொன்சோல் கிடைத்த பிள்ளைகள் அன்று கணக்குத் திறக்கக்கூட முடியாமல் தவித்தார்கள். பின்னர் சோனி நிறுவனம் சந்தாதாரருக்கு ஐந்து நாள் நீடிப்பும் ஒருமுறைக்கான 10 வீதக் கழிவும் வழங்கியது. இத்தகைய தாக்குதலில் சேர்வருக்குள் எவரும் நுழைவதில்லை, கடவுச்சொற்கள் திருடப்படுவதுமில்லை. பொய்யான கோரிக்கைகளை அளவின்றிக் கொட்டி, விளையாட வந்தவரின் கோரிக்கைக்குப் பதில் கிடைக்காதபடி வழியை அடைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். இதை விளையாட்டுத்தனம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2013 இறுதியில் விளையாட்டுச் சேர்வர்கள் பலவற்றைத் தாக்கிய அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு 2019இல் 27 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; அது நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அந்த மாலை வீணாகாமல் போனதற்கு இக்கடையின் ஏற்பாடுதான் காரணம். மூலையிலிருந்த கணினியொன்றைக் கடைக்காரர் கடைக்குள் மட்டும் இயங்கும் சேர்வராக்கினார். மேசைக்கடியில் இருந்த, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டியின் பச்சை விளக்குகள் படபடவென மின்னத் தொடங்க, ஐந்து நிமிடத்துக்குள் எட்டுப் பேர் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டில் இறங்கிவிட்டார்கள். தரவு கடையைவிட்டு வெளியே போகாததால் வெளியிலுள்ள எந்தத் தாக்குதலும் அதைத் தொட முடியாது. பிளேஸ்டேஷன்களுக்கும் இணையமின்றி ஓடக்கூடிய இறுவட்டுகளையே அவர் வாங்கி வைத்திருக்கிறார். மருமகன் உதைபந்தாட்டத்தை மறந்தே போனான்.

இன்னொன்றையும் கவனித்தேன். ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை அவர் முதல் நாளே மாற்றிவிட்டாராம். லிசார்ட் ஸ்குவாட் பின்னர் பணத்துக்கு விற்ற தாக்குதல் சேவை, தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விடப்பட்ட வீட்டு ரவுட்டர்களைக் கைப்பற்றியே இயங்கியது. 2016 ஒக்டோபரில், இணையத்தளப் பெயர்களுக்குரிய முகவரியைக் காட்டித்தரும் டைன் நிறுவனத்தை முடக்கிய மிராய் என்ற தீநிரலும் கமராக்களையும் ரவுட்டர்களையும் அதே வழியில்தான் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பழைய கடவுச்சொல்லே இன்னும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. பிற்பகலில் மாடி கொதிக்கிறது, இரண்டு மின்விசிறிகள் போதா. ஹெட்செட்டுகள் மூன்றின் உறை கிழிந்துவிட்டது; சொந்தமாக இருந்தால் கொண்டுபோவது நல்லது. மாலை ஐந்துக்குப் பின் ரியூசன் முடிந்த மாணவர்கள் நிறைந்துவிடுவதால், உள் வலையமைப்பில் குழுவாக விளையாட விரும்புவோர் முதல்நாளே சொல்லி வைக்கவேண்டும்.