‘ரூமர்ஸ்’: பல்லாண்டுகள் கேட்ட பின்னர் ஓர் அனுபவப் பகிர்வு

ஃப்ளீட்வுட் மேக் என்னும் ராக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ பாடல் தொகுப்பு 1977 பிப்ரவரியில் வெளிவந்தது. கேசட், குறுந்தகடு, இசைத்தட்டு, இப்போது ஸ்ட்ரீமிங் என எல்லா வடிவங்களிலும் பல்லாண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். அதே காலத்தில் வானொலிகளை நிறைத்த வேறு சில பாடல்களையும் அண்மையில் அதனோடு சேர்த்து மீண்டும் கேட்டேன்.

இத்தொகுப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குழுவினரின் சொந்த வாழ்க்கையிலேயே நின்றுவிடுகிறார்கள். ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் மணவாழ்வை முடித்துக்கொண்டிருந்தனர். கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் பிரிந்திருந்தனர். டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட்டின் குடும்பமும் குலைந்திருந்தது. பாடல்களின் கசப்புக்கு இவையே காரணம் என்பது உண்மைதான். ஆனால், அந்தக் கதை முழுவதும் பழகிப்போன பிறகும் தொகுப்பு அலுக்காமல் இருப்பதற்கு அடித்தளத்தில் ஓடும் டிரம்ஸும் பாஸ் கிட்டாருமே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

‘ட்ரீம்ஸ்’ பாடலையே எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய முழுப் பாடலும் இரண்டு கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதிகளில்) நிற்கிறது. ஜான் மெக்வீயின் பாஸும் பெரும்பாலும் இரண்டே சுரங்களுக்கிடையில் நடக்கிறது. அவர் நினைத்திருந்தால் எத்தனையோ அலங்காரங்களைச் சேர்த்திருக்கலாம். சேர்க்காமல் விட்ட அந்த இடைவெளியில்தான் நிக்ஸின் குரல் நிற்பதற்கு இடம் கிடைக்கிறது. அமெரிக்கத் தரவரிசையில் இக்குழு முதலிடம் பெற்ற ஒரே பாடல் இதுதான் என்பதை அறியும்போது, அதன் எளிமை மேலும் வியக்க வைக்கிறது. இதற்கு நேர்மாறாக, ‘தி செயின்’ பல துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய பாடல். இயற்றியவர்களாகக் குழுவின் ஐவரின் பெயரும் இடம்பெற்றிருப்பது இதில் மட்டும்தான். இசை அடங்கி, பாஸ் தனியே எழுந்து, பிறகு கிட்டார் பாய்ந்து வரும் அந்த இறுதிப் பகுதியை பிபிசி நிறுவனம் 1978 முதல் தன் ஃபார்முலா 1 ஒளிபரப்பின் அடையாள இசையாக வைத்திருந்ததால், ராக் இசையே கேட்காத பிரித்தானியர்களும் அதை அறிவார்கள்.

ஒலிப்பதிவின் பெரும்பகுதி 1976இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் உள்ள ரெக்கார்டு பிளான்ட் ஒலிக்கூடத்தில் நடந்தது. ‘சாங்பேர்ட்’ பாடலுக்கு மட்டும் ஒலிக்கூடத்தின் இறுக்கமான ஒலி பொருந்தாது என்று கருதி, பெர்க்லியில் உள்ள ஸெல்லர்பாக் அரங்கத்தில், பார்வையாளர்கள் இல்லாமல், கிறிஸ்டின் மெக்வீயைப் பியானோவுடன் பாடவைத்துப் பதிந்தார்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த அரங்கத்தின் விரிவு தெளிவாகத் தெரிகிறது. செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் அது முற்றிலும் மறைந்துவிடுகிறது. இன்னொரு செய்தியும் உண்டு: மீண்டும் மீண்டும் ஓட்டியதால் மூல நாடா தேய்ந்து டிரம்ஸின் கூர்மை மங்கத் தொடங்கியபோது, அடிப்படைத் தாளங்கள் பதிவாகியிருந்த மற்றொரு நாடாவுடன், பின்னர் சேர்த்துப் பதிந்த இசைப் பகுதிகளைக் காதால் கேட்டுக் கேட்டே ஒத்திசைத்தார்கள். இதை அறிந்த பிறகு, ஃப்ளீட்வுட்டின் ஒவ்வோர் அடியும் இவ்வளவு துலக்கமாக ஒலிப்பதன் பின்னுள்ள பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வடிவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இசைத்தட்டுதான். ‘சாங்பேர்ட்’ முதல் பக்கத்தை அமைதியாக முடித்துவைக்க, தட்டைத் திருப்பியவுடன் ‘தி செயின்’ தொடங்குவது மிகச் சரியான அமைப்பு. நீளம் காரணமாக முதலில் நீக்கப்பட்ட நிக்ஸின் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாடலை, 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விரண்டுக்கும் இடையில் செருகியிருக்கிறார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நேரம் கூடக்கூடப் பள்ளங்கள் நெருங்கி ஒலியளவு குறையும் என்பதால், அன்று அதை நீக்கியதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. அருமையான பாடல் அது. தொகுப்பின் பல பாடல்களைவிட எனக்கு நெருக்கமானதும்கூட. ஆயினும் அதன் இடம் நடுவில் அன்று, இறுதியில்தான்.

அக்காலத்தின் மற்ற வெற்றிப் பாடல்களில் ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ இன்றும் அப்படியே நிற்கிறது. டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறிமாறி வாசிக்கும் முடிவுப் பகுதியை நான் ஒருபோதும் பாதியில் நிறுத்தியதில்லை. பாஸ்டன் குழுவின் ‘மோர் தேன் எ ஃபீலிங்’ பாடலின் கிட்டார் ஒலி முதல் சில நிமிடங்கள் கிளர்ச்சி தந்தாலும், தொடர்ந்து கேட்கையில் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்குகிறது. டிஸ்கோ நடன இசைக்குப் பெயர்பெற்ற பீ ஜீஸ் குழுவினரை ராக் ரசிகர்கள் ஏளனம் செய்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் ‘ரூமர்ஸ்’ தொகுப்பின் முதல் பாடலான ‘செகண்ட் ஹேண்ட் நியூஸ்’ அவர்களுடைய ‘ஜைவ் டாக்கின்’ பாடலின் தாளத்தால் தூண்டப்பட்டது. அந்தத் தாளத்துக்காக பக்கிங்ஹாம் நாற்காலியின் இருக்கையைத் தட்டி வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் உறவு உடனே புரியும். டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ இவை அனைத்திலிருந்தும் விலகி, சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் மாறாத துடிப்பில் ஓடுகிறது. 1977இல் வந்த பாடல்களுள் இன்றைய இசைக்கு மிக அருகில் இருப்பது அதுவே.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் ஏறக்குறைய 40 நிமிடங்கள் ஒதுக்கி, பாடல் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் வசதியை அணைத்துவிட்டு, பழைய 11 பாடல்களை அவற்றின் வரிசையிலேயே கேட்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாடலை இறுதிப் பாடலான ‘கோல்ட் டஸ்ட் வுமன்’ முடிந்த பிறகு தனியே ஒலிக்கவிடுங்கள்.