மலிவு விலை மணவிலக்குன்னு நம்பிப் போய் 2,400 வெள்ளி போச்சு

கொதிப்போடதான் எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

இங்கே சிங்கப்பூர்ல நானும் என் வீட்டுக்காரரும் பேசி முடிவெடுத்துத்தான் பிரியறோம். பிள்ளை இல்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை விற்று, அதை வாங்க மத்திய சேம நிதியில (ஓய்வுக்காலச் சேமிப்புல) எடுத்ததைத் திருப்பிக் கட்டிட்டு, மிச்சம் பாதி பாதி. இதுல வாதாட என்ன இருக்கு? 2024 ஜூலையிலிருந்து ரெண்டு பேரும் சம்மதிச்சே மனு போடலாம், ஒருத்தர் மேல ஒருத்தர் பழி சொல்ல வேண்டியதில்லை.

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம், மாடியில, படிவம் நிரப்பித் தர்ற ஒரு ஆபீஸ். அங்கே இருந்தவர் சொன்னது: "வக்கீல்கிட்ட போனா ரெண்டாயிரம், மூவாயிரம் கறந்துருவாங்கக்கா. நம்மகிட்ட 1,800, எல்லாம் சேர்த்து. ஒரே மாசத்துல கையில தீர்ப்பு." வேலை பார்க்கிற பொண்ணை வெளியே அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்குத் தெரியுமாக்கா?"ன்னு கேட்டார். தன் தங்கச்சிக்கும் இதே கதைன்னார். எனக்குக் கண் கலங்கிருச்சு, டிஷ்யூ பாக்கெட்டை நகர்த்தி வச்சார். அங்கேயே போன்ல, பேநவ் வழியா பணத்தை அனுப்பினேன். ரசீதுல வெறும் "ஆவண சேவை". அடுத்த வாரம் "கோர்ட் கட்டணம் தனி"ன்னு இன்னொரு 600. ஆக 2,400 வெள்ளி.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க. கோர்ட்ல சிஸ்டம் டவுனாம். வக்கீல் லீவாம். தீபாவளி முடியட்டுமாம். வழக்கு எண் கேட்டா, "அதெல்லாம் கிளையண்ட்டுக்குத் தர்றதில்லைக்கா". நேர்ல போனா அந்தப் பொண்ணு, "சார் மீட்டிங்ல இருக்காரு". உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்குது!

கடைசியா ஒரு நிஜ வக்கீலைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "சத்தியப்பிரமாண ஆணையர் முன்னாடி பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டீங்களா?" எங்கே போட்டேன், அப்படி ஒண்ணு இருக்கிறதையே அந்த ஆள் சொல்லலை. தேடிப் பார்த்தா என் பேர்ல மனுவே இல்லை. ஒரு மாசத்துல தீர்ப்புங்கிறதும் சுத்தப் பொய். இடைக்காலத் தீர்ப்பு வந்தாலும் இறுதித் தீர்ப்புக்குப் பொதுவா 3 மாசம் காத்திருக்கணும். வக்கீல் உரிமம் இல்லாதவர் காசுக்குக் கோர்ட் பத்திரம் தயாரிக்கிறதே குற்றமாம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், "வேலை செஞ்சாச்சேக்கா"ன்னு ஒரு மெசேஜ். என்ன வேலை? 2,400 வெள்ளிக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட்!

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் நினைச்சேன், இப்போ முடியலை. வக்கீல் பேரைக் கேட்டு, சட்ட அமைச்சின் இணையப் பட்டியல்ல தேடுங்க. கட்டணத்துல எது சேர்த்தி, எது தனின்னு எழுத்துல வாங்குங்க. கல்யாணமாகி 3 வருஷம் ஆகலைன்னா பொதுவா மணவிலக்கு மனு போட முடியாது, யார் என்ன சொன்னாலும் காசு நீட்டாதீங்க. வசதி இல்லாதவங்க முதல்ல சட்ட உதவிப் பிரிவுல கேளுங்க. மனு போட்டாச்சுன்னு சொன்னா அன்னைக்கே வழக்கு எண்ணை வாங்குங்க.

நான் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துல போடப் போறேன். அதே ஆபீஸ்ல ஏமாந்தவங்க இருந்தா ரசீதைப் பத்திரமா வச்சுக்கிட்டு எனக்குத் தனியா எழுதுங்க.