டாஸ்கிங் மேனேஜர்: தோட்டத்து வெள்ள வரைபடத்துக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகை மாறினாலும் தோட்டத்து மக்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். ஓரத்தில் சிலாங்கூர் ஆறு, சுற்றிலும் செம்பனை. ஆறு ஏறினால் படகுக்கும் லோரிக்கும் முதலில் தெரிய வேண்டியது, எந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் எந்த வரிசை வீட்டுக்கு, எந்த வழி என்பது. வரைபடத்திலோ பல தோட்டங்கள் இன்னும் வெறும் பச்சைத் திட்டு. அதை நிரப்பக் கிளம்பும் மாணவர் குழுக்கள், பலர் சேர்ந்து வரைவதற்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டாஸ்கிங் மேனேஜர் என்ற இணையச் சேவையைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் அது முடித்துத் தருவது பாதி வேலைதான்.

2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது, உலகெங்குமிருந்த தொண்டர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை வரைந்தார்கள். அந்த முயற்சியிலிருந்து உருவான ஹோட் (மனிதநேய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் குழு) அமைப்பு நடத்தும் இலவசச் சேவைதான் டாஸ்கிங் மேனேஜர். பகுதியைக் கட்டங்களாக வெட்டிக் கொடுக்கும். ஒருவர் ஒரு கட்டத்தை எடுத்தால் மற்றவர்களுக்கு அது இரண்டு மணி நேரம் பூட்டு. வரைந்து முடித்ததை வேறொருவர் சரிபார்த்த பிறகே பச்சையாகும். இருபது பேர் ஒரே அறையில் உட்கார்ந்தாலும் ஒருவர் கோட்டின்மேல் இன்னொருவர் கோடு போடாமல் இருப்பது இதனால்தான். கட்டம் பெரிதாகத் தெரிந்தால் நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். லயங்கள் நெருங்கிய இடத்தில் பிரித்துவிடுவதே நல்லது. மடிக்கணினியோடு சுட்டியும் வேண்டும், விரலால் தேய்த்து வரைந்தால் வேலை இழுக்கும்.

லயம் மேலிருந்து பார்த்தால் ஒரே நீளக் கூரை. துருப்பிடித்த தகரமும் செம்மண் முற்றமும் ஒரே நிறத்தில் கலந்துவிடும். நிழல் விழும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வரைந்தால் விளிம்பு தவறாது. பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படியையும் சேர்த்து வரைந்து, வரையும் எடிட்டரில் க்யூ விசையைத் தட்டினால் மூலைகள் செங்கோணமாகும். அந்தக் கூரைக்குக் கீழே எத்தனை கதவு, எத்தனை குடும்பம் என்பதைப் படம் சொல்லாது. இடித்துப்போட்ட லயம்கூடப் பழைய படத்தில் நின்றுகொண்டிருக்கும்.

பாதைதான் பெரிய தலைவலி. முற்றிய செம்பனையின் மட்டைகள் இரு பக்கமும் கூடிப் பாதையை மூடிவிடும்; மறுநடவு செய்த பகுதியில் அதே பாதை பளிச்சென்று தெரியும். புதியவர்கள் இங்கே வரிசைக்கு இடையிலான அறுவடைத் தடத்தையெல்லாம் சாலை என்று வரைந்துவிடுகிறார்கள். லோரி போகும் செம்மண் சாலையை மட்டும் ‘ட்ராக்’ என்று குறித்து, அதன் உறுதியைப் பார்த்து கிரேட் 1 (மிக உறுதி) முதல் 5 (மிக மென்மை) வரை கொடுங்கள். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது: தோட்டச் சாலையின் முனை பெரிய சாலையைத் தொட்டதுபோல் இருக்கும், பெரிதாக்கினால் ஒரு முழ இடைவெளி. வழிகாட்டும் செயலிக்கு அங்கே பாதையே இல்லை. சேமிக்கும் முன் எடிட்டர் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

மீதிப் பாதி நடந்துதான் ஆக வேண்டும். செம்மண் சாலைக்கு அடியில் கிடக்கும் இரண்டு சிமெண்டுக் குழாய் எந்தப் படத்திலும் இராது. மட்டையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் சாலையில் முதலில் தண்ணீர் ஏறுவது அங்கேதான். அந்த இடத்தில் ஓடையைக் கல்வர்ட் என்று குறித்து, சாலையின் அந்தத் துண்டைத் தனியாகப் பிரித்து, வெள்ளம் ஏறும் என்பதற்கான ‘ஃப்ளட் ப்ரோன்’ குறிச்சொல்லைப் போடுங்கள். பெயர்களையும் பெரியவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். பலகையில் உள்ளது முதன்மைப் பெயர். தமிழ்ப் பெயருக்குத் தனிப் புலம் உண்டு. ‘கோயில் லயம்’, ‘ஆயாக்கொட்டகை’ என்று மக்கள் சொல்வதை உள்ளூர்ப் பெயராகச் சேர்க்கலாம். உதவி கேட்டுக் கூப்பிடுபவர் சொல்லப்போவது அந்தப் பெயரைத்தான். படுக்கையில் இருப்பவர், கைப்பேசி எண் போன்றவை இதில் ஏறவே கூடாது. இது உலகம் முழுக்கத் திறந்து கிடக்கும் வரைபடம். அந்தப் பட்டியல் தனித்தாளில் இருக்கட்டும்.

குறை என்று பார்த்தால், புதிய திட்டத்தை யார் வேண்டுமானாலும் திறக்க முடியாது. பதிவான அமைப்பு ஒன்றின் நிர்வாகிதான் திறக்க வேண்டும். ஒரு தோட்டத்துக்கு மட்டும் என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்: தாளில் கட்டம் போட்டு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, நேராக ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலேயே வரையலாம். கூகுள் மேப்பைப் பார்த்து எழுதுவதற்கு மட்டும் அனுமதி இல்லை.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. வரைவதையும் சரிபார்ப்பதையும் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். இன்று சேமித்தது ஆர்கானிக் மேப்ஸ் போன்ற இணையமில்லாச் செயலிகளில் உடனே வந்துவிடாது, அடுத்த வரைபடப் புதுப்பிப்பில்தான் வரும். அதைப் பதிவிறக்கி, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பட்டணத்திலிருந்து கடைசி லயம் வரை வழி காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கூடவே ஏ3 தாளில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒன்றைக் கோயிலிலும் ஒன்றைத் தோட்ட அலுவலகத்திலும் வைக்க வேண்டும்.